தலைகீழார் வீட்டு வாசகம்

பிளாசித்துக்குக் கண்ணாடி தேவையே இல்லை. அறுபது தாண்டிய பிறகும், காலைப் பனிமூட்டத்துக்குள் எது தன் மிதவை, எது அடுத்தவன் மிதவை என்று படகில் நின்றபடியே நிறம் பார்த்துச் சொல்லிவிடுகிற கண் அவருக்கு. ஆனாலும் அவரிடம் கறுப்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடி இருந்தது. லியோனிதான் வாங்கிக் கொடுத்தாள். போட்டுக்கொள்வதற்காக அல்ல, வீட்டில் மறந்துவிட்டுப் போவதற்காக.

வங்கியிலோ கூட்டுறவுக் கடையிலோ யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் பிளாசித் சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பார், கண்ணாடியைக் காணோம் என்று முகத்தைச் சுளிப்பார். பக்கத்தில் நிற்கும் லியோனி, இவருக்கு இதே பிழைப்பாகிவிட்டது என்று அலுத்துக்கொண்டே காகிதத்தை வாங்கி வாசித்துச் சொல்வாள். கல்யாணமான புதிதிலிருந்து இருவரும் இந்த நாடகத்தை நடத்தி வருகிறார்கள். பிளாசித்துக்கு வாசிக்கத் தெரியாது. அது அவருக்குத் தெரியும், லியோனிக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரியக் கூடாது என்பதில்தான் லியோனியின் பாதி உயிர் இருந்தது.

அவர்மேல் குற்றமில்லை. ரோசலித்துறைப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பிரெஞ்சு. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். இரண்டுக்கும் நடுவில் பிளாசித் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற வயதில் அப்பா லூபானைக் கடல் கொண்டுபோனது. பெரியப்பாவின் படகில் ஏறியவர்தான், அதற்குப் பிறகு பலகையும் பல்பமும் தொடவில்லை. கேப் பிரெட்டன் தீவின் இந்த ஓரத்தில் அப்படிப் படகேறிய பையன்கள் நிறைய. மற்றவர்களுக்கு அது வெறும் தலையெழுத்து. பிளாசித்துக்கு மட்டும் அது மானப் பிரச்சினை, ஏனென்றால் அவர் தலைகீழார் வீட்டுப் பிள்ளை.

அந்தப் பட்டப்பெயர் அவருடைய பூட்டி ஒசித்திலிருந்து வந்தது. ஊர் உண்டான புதிதில் குளிர்காலம் முழுக்கக் கடல் உறைந்து கிடக்கும், பூசை வைக்கச் சாமியார் வர வழியில்லை. அந்த மாதங்களில் ஒசித்தான் ஞாயிறுதோறும் வெள்ளைப் பூசை நடத்தினாள். அப்பமும் இரசமும் இல்லாத, செபங்கள் மட்டுமான பூசை. பிறந்த குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தாள், செத்தவர்களுக்குக் கண்ணை மூடினாள், கல்யாணம்கூடச் செய்துவைத்தாள். தடித்த லத்தீன் பூசைப் புத்தகத்தை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் பக்கம் புரட்டி, ஒரு சொல் பிசகாமல் சொல்வாளாம். ஒரு வருஷம் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய மாலுமி ஒருவன், எழுத்துப் படித்தவன், பூசைக்கு வந்து உட்கார்ந்தான். அந்த அம்மாள் புத்தகத்தைத் தலைகீழாக அல்லவா பிடித்திருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தான். பக்கத்திலிருந்த யாரோ அவன் காலை ஓங்கி மிதித்தார்கள். பூசை நல்லபடியாக முடிந்தது. மாலுமி பனி உருகியதும் நொண்டிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தான். காலை மிதித்தது எங்கள் பூட்டன்தான் என்று இன்றைக்கும் ஊரில் ஏழெட்டுக் குடும்பம் உரிமை கொண்டாடுகிறது.

ஒசித்தின் பேரன் பேத்திகள் எல்லாரும் தலைகீழார் ஆனார்கள். கேலியாக யாரும் சொல்வதில்லை. ஊர் முழுக்க ஒரே குடும்பப் பெயராக இருக்கிறபோது ஆளுக்கு ஆள் ஏதாவது ஒரு அடையாளம் வேண்டுமே. மாவுமூட்டையார், ஒற்றைத்துடுப்பார், தலைகீழார். ஆனால் பிளாசித்துக்கு மட்டும் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம், தன் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றும்.

அந்த வருஷம் ஊர்த் தேவாலயப் பங்குக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. மார்ச் மாதம் சூசையப்பர் திருநாளன்று பெரிய பூசை, பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் சாப்பாடு. மண்டபத்து நீளச் சுவரில் பங்கின் பெரிய மனிதர்களை வரைய வேண்டும் என்று முடிவாகி, மாங்டன் நகரத்திலிருந்து மிரேய் என்ற இளம்பெண் வண்ண டப்பாக்களோடு வந்து இறங்கினாள். பனிமேல் நடந்து வந்த முதல் சாமியார், கோயிலுக்கு நிலம் கொடுத்த செவெரன், மணியைப் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்து வந்த அண்ணன் தம்பிகள், பள்ளிக்கூடம் நடத்திய கன்னியாஸ்திரி, கடைசியில் ஒசித். மிரேய் வீடு வீடாகப் போய்க் கதை கேட்டாள். எந்த வீட்டிலும் தேநீரும் கரும்புப் பாகு பிஸ்கெட்டும் இல்லாமல் விடவில்லை. அந்தப் பெண் ஒரு சுற்றுப் பெருத்துத்தான் வேலையைத் தொடங்கினாள்.

விருந்துக்கு மேசைகள் தூக்கிப் போட ஆண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பிளாசித் மேசையின் ஒரு முனையைப் பிடித்தபடி உள்ளே வந்தவர், சுவரைப் பார்த்தார். ஒசித் ஆள் உயரத்துக்கு நின்றாள், கறுப்பு முக்காடு, கையில் விரித்த புத்தகம். எழுத்துகளெல்லாம் தலைகீழ். தூரத்திலிருந்து பார்த்தாலே, வாசிக்கத் தெரியாதவருக்கும் தெரியும்படி பெரிய எழுத்துகள். பிளாசித் மேசையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மறுமுனையைப் பிடித்திருந்த படகுக் கூட்டாளி எவாரிஸ்தின் விரல் நசுங்கியது.

வீட்டுக்கு வந்து, அந்தப் புத்தகம் நேராகிற வரைக்கும் கோயில் வாசலை மிதிக்கமாட்டேன் என்றார். லியோனி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். செத்து நூறு வருஷமானவளைச் சுவரில் நிறுத்தி வைத்து மேலும் சிரிக்க வேண்டுமா என்றார். யாரும் சிரிக்கவில்லையே என்றாள். அவர் உப்பு மத்தியும் உருளைக்கிழங்கும் இருந்த தட்டைப் பாதியில் தள்ளிவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

கோபத்தைத் தணிக்கிறேன் என்று மறுநாள் பங்குச் சாமியார் வந்ததுதான் வினையாகப் போயிற்று. ஃபாதர் எமேக்கா நைஜீரியாக்காரர், வந்து ஒரு குளிர்காலம்கூட முழுசாக ஆகவில்லை. தங்கமான மனுஷர். பேசுவது மட்டும் புத்தகப் பிரெஞ்சு. கோட்டுக்குமேல் கோட்டுப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையால் கையைச் சூடாக்கிக்கொண்டு பிளாசித்தைப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆகவே ஒரு முடிவு செய்திருக்கிறேன். திருநாள் பூசையில் முதல் வாசகத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும். ஒசித் அம்மையாரின் வழிவந்தவர் வாசிப்பதே முறை."

பிளாசித் பழக்க தோஷத்தில் சட்டைப்பையைத் தட்டினார். சாமியார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கருஞ்சிவப்பு அட்டை போட்ட சின்னப் பூசைப் புத்தகம் ஒன்றை மேசைமேல் வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பூராவும் புத்தகம் மேசைமேலேயே கிடந்தது. அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். நல்லவேளை, சுவர்ச் சண்டை இருக்கிறது என்று லியோனி மனசைத் தேற்றிக்கொண்டாள். கோபக்காரன் கோயிலுக்கு வரமாட்டேன் என்றால் ஊர் புரிந்துகொள்ளும். திருநாளும் கடந்துவிடும்.

அந்த நிம்மதிக்கும் ஆயுசு இல்லை. இரண்டாம் நாள் மிரேய் கையெல்லாம் கறுப்புச் சாயத்தோடு கதவைத் தட்டினாள். மாமா, மன்னித்துக்கொள்ளுங்கள், புத்தகத்தை நேராக்கிவிட்டேன், இனிமேல் வரலாம் என்றாள். அவ்வளவு நல்ல பெண்ணை லியோனிக்கு அந்த நிமிஷம் பிடித்துத் தள்ளிவிடலாம் போலிருந்தது. உள்ளே அழைத்துப் பிஸ்கெட் கொடுத்து அனுப்பினாள்.

இனி இருப்பது ஒரே வழி, தொண்டைக் கட்டு. லியோனி சாயங்காலமே கிளம்பிக் கூட்டுறவுக் கடையில் தேனும் எலுமிச்சையும் வாங்கினாள். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது, பேச்சே வரவில்லை என்று சொல்லி வைத்தாள். அடுத்த வீட்டிலிருந்த பிளாசித்தின் அக்கா யூதித்திடம் இரண்டு தடவை சொன்னாள்.

மறுநாள் சுவெத் காற்று கிளம்பியது. மலையிலிருந்து இறங்கிக் கடலைப் பார்த்து ஓடும் அந்தக் காற்று வந்தால் ரோசலித்துறையில் குப்பைத் தொட்டி முதல் கூரை வரைக்கும் எதுவும் சொந்தமில்லை. பிளாசித் கொட்டகைக்குள் உட்கார்ந்து சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளுக்கு வலைவாய் பின்னிக்கொண்டிருந்தார். லியோனி தேன் கலந்த வெந்நீரோடு போனபோது, கொட்டகைக் கதவைத் தோளால் முட்டித் திறந்துகொண்டு எவாரிஸ்த் உள்ளே வந்தான். கூடப் படகோட்டுகிறவன், கூடப் பிறந்தவன் மாதிரி சண்டை போடுகிறவன். நசுங்கிய விரலில் கட்டு.

"தொண்டை கட்டிருச்சாமே. நல்லதாப் போச்சு. நீ வாயைத் திறக்க வேண்டாம், நான் பேசறதைக் கேளு. மண்டபத்துக்குப் போய்ப் பாத்தியா, உன்னால என்ன ஆயிருக்குன்னு? புத்தகத்தை நேரா புடிச்சுக்கிட்டு யாரோ ஒருத்தி நிக்கிறா. பக்கத்துல நிக்கிற கன்னியாஸ்திரிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கா. வந்தவங்க எல்லாரும் இது யாருன்னு கேக்கறாங்க."

"எங்க பூட்டியை எப்படி வரையணும்னு எனக்குத் தெரியாதா?"

"பேச்சு நல்லாத்தானே வருது. கேளுடா. உனக்கு அவ பூட்டி. எங்களுக்கு அவதான் சாமியார். எங்க தாத்தன் தலையில தண்ணி ஊத்துனது அவ. புத்தகம் எந்தப் பக்கம் இருந்தா எங்களுக்கு என்ன? நேராப் புடிச்ச சாமியாருங்க எத்தனையோ பேர் வந்துட்டுப் போனாங்க, ஒருத்தர் பேராவது ஞாபகம் இருக்கா? அப்புறம் அந்த ஓவியப் பொண்ணுகிட்ட நான் சொல்லியிருக்கேன், ஓரமா எங்க பூட்டனோட காலையாவது வரைன்னு."

காற்று கொட்டகைத் தகரத்தைப் பிடித்து உலுக்கியது. எவாரிஸ்த் லியோனியின் கையிலிருந்த தேன்நீரைத் தானே வாங்கிக் குடித்துவிட்டு, வந்த வழியே போனான்.

பிளாசித் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு லியோனியைப் பார்த்து, தொண்டை வலி என்று ஊர் பூராவும் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்ட அவளுக்கு அழுகை வந்தது.

அன்று மத்தியானம் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே பிளாசித் மண்டபத்துக்குப் போனார். மிரேயிடம் புத்தகத்தைத் திரும்பவும் தலைகீழாக்கச் சொன்னார். மூன்றாவது முறையாக அதே பக்கத்தை எழுத வேண்டிவந்த அந்தப் பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, கருமையை நான் கலக்கித் தருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மேசைமேலிருந்த சின்னப் புத்தகத்தை எடுத்து லியோனியின் மடியில் வைத்தார்.

"படி. எனக்குப் பாடம் ஆகற வரைக்கும் படி."

அவள் படித்தாள். ஆண்டவர் இறைவாக்கினர் நாத்தானைக் கூப்பிட்டு, தாவீது ராசாவிடம் போய் இன்னின்னது சொல் என்று அனுப்புகிற பகுதி. சின்னதுதான். அவர் கொட்டகையில் வலைவாய் பின்ன, அவள் கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். காற்றுச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கடலில் எந்தக் கூட்டை எந்தப் பாறையடியில் இறக்கினோம் என்று வருஷக்கணக்கில் மண்டைக்குள் வைத்திருக்கிற மனுஷனுக்கு இது ஒன்றும் பெரிய பாரமில்லை. ஆனாலும் நடுவில் ஒரு வரி மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்தது. சந்ததியைப் பற்றி வருகிற வரி. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் ஊசியும் நின்றது. இருவருக்கும் பிள்ளை இல்லை. லியோனி அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் திரும்பத் திரும்ப அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தாள்.

எல்லாம் பிடிபட்ட பிறகு, மேடையில் எப்படி நிற்பது என்றும் சொல்லிக் கொடுத்தாள். புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொள், வரி முடிகிற இடத்தில் ஒரு தடவை நிமிர், விரலை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிளாசித் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "நாத்தானுக்கு யாரும் புத்தகம் குடுக்கலையே லியோனி. காதுல சொன்னாங்க, அவன் போய் வாயால சொல்லிட்டான்" என்றார். அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

திருநாளன்று காற்று அடங்கி, பனிமேல் வெயில் கண்ணைக் கூச வைத்தது. கோயில் நிறைந்து பின்கதவு வரைக்கும் ஆட்கள். வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களெல்லாம் வந்திருந்தார்கள். லியோனிக்கு முதல் பாட்டு காதில் விழவே இல்லை. எல்லாரும் உட்கார்ந்ததும் பிளாசித் எழுந்து, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டின் பித்தானைத் தடவிக்கொண்டே வாசக மேடைக்குப் போனார்.

மேடையில் பெரிய புத்தகம் விரிந்திருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். சொல்லிக் கொடுத்தபடியே விரலையும் வைத்தார். லியோனி மனசுக்குள் முதல் வரியைத் தொடங்கினாள். அவர் தொடங்கவில்லை. யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை எதையோ கீழே போட்டது. பிளாசித் விரலை எடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் புத்தகத்தை மூடினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. லியோனி படிச்சுக் காட்டினா. கேட்டதைச் சொல்றேன்."

லியோனிக்கு, இத்தனை வருஷமாகக் கைக்குள் பொத்தி வைத்திருந்ததை இந்த மனுஷன் ஒரே மூச்சில், ஊரே கூடியிருக்கிற நாளில், பீடத்துக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டான் என்று ஆத்திரமாக வந்தது. அவர் சொல்லத் தொடங்கினார். படகிலிருந்து கரைக்குச் சேதி சொல்கிற குரல், அவசரமில்லாமல், கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க ஆத்திரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இவன் என் புருஷன் என்று மட்டும் நினைத்தாள்.

சந்ததியைப் பற்றிய வரி வந்ததும் அவர் நின்றுவிட்டார். லியோனி உதட்டை அசைப்பதற்குள், பின்வரிசையிலிருந்து எவாரிஸ்த் கையிலிருந்த பூசைப் புத்தகத்தைப் பார்த்து அடுத்த இரண்டு சொல்லைச் சொன்னான். கிசுகிசுப்பாக இல்லை, பக்கத்துப் படகுக்குக் கயிறு வீசுகிற மாதிரி சாதாரணமாக. பிளாசித் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார், முடித்தார். இறைவனுக்கு நன்றி என்று கோயில் முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. ஃபாதர் எமேக்கா மட்டும் அந்தப் பதிலைச் சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தார்.

மண்டபத்தில் கோழி ஃப்ரிகோ சூப்பிலும் இறைச்சிப் பணியாரத்திலும் ஆவி பறந்தது. திருநாள் என்பதால் தவக்காலத்துக் கட்டுப்பாடு அன்றைக்கு இல்லை. ஊர் ஒரு மாதத்து மாமிசத்தை ஒரே வேளையில் தின்றது. லியோனி சமையல்கட்டு ஜன்னலில் நின்று ஃப்ரிகோ ஊற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு கோப்பை நீளும்போதும் இதோ கேட்கப் போகிறார்கள், இதோ பரிதாபப்படப் போகிறார்கள் என்று நெஞ்சைக் கெட்டிப்படுத்திக்கொண்டாள். கேட்டதெல்லாம் கறி கொஞ்சம் கூடப் போடு, உருளைக்கிழங்கு வேண்டாம் என்பதுதான். பிளாசித் ஒசித்தின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து எவாரிஸ்தோடு இறால் விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் பணியாரம் வெட்டிக்கொண்டிருந்த யூதித்திடம் லியோனி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அவர் சொன்னப்போ ஒருத்தர்கூடத் திரும்பி என்னைப் பாக்கலையே. ஏன்?"

"எதுக்குப் பாக்கணும்? புதுசா என்ன சொல்லிட்டான்?"

லியோனி கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"என் தம்பியைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ கல்யாணம் ஆகி வர்றதுக்கு முன்னாடியே தெரியும்."

"வேற யாருக்கு?"

யூதித் கத்தியைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக மண்டபத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தாள்.

"சாமியாருக்குத் தெரியாது. பாவம், புதுசு."

துறையில் மீன்வளத்துறை ஏதாவது அறிவிப்பு ஒட்டினால், முதல் ஆளாகப் போய் அதைத் தொண்டை கிழியப் படிக்கிற எவாரிஸ்தை ஊருக்கெல்லாம் தெரியும். வாயை மூடிக்கொண்டு படிக்கத் தெரியாத ஜென்மம் என்று லியோனியே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். கூட்டுறவுக் கடைக்காரி பொருள் கொடுக்கும்போதெல்லாம் டப்பாவில் இருப்பதை ஒப்பிப்பாள். ஓட்டுப்போடும் இடத்தில் வரிசையில் முன்னால் நிற்பவர்கள் மூன்றாவது பெயர், நாலாவது பெயர் என்று வேண்டுமென்றே உரக்கப் பேசிக்கொள்வார்கள். அதெல்லாம் இந்த ஊர்க்காரர்களின் கிறுக்குத்தனம் என்றே அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். யூதித் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது. சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"இத்தனை வருஷமா நான் தனியாக் கெடந்து செத்தேன் அக்கா. எங்கிட்ட ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

யூதித் ஒரு துண்டுப் பணியாரத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"எப்படிச் சொல்றது? நீ அவ்வளவு அழகா மறைச்சே. கெடுக்க யாருக்கும் மனசு வரலை."